குவாதலூப்: ஏழாந்தரமும் அதே கடற்கரைக்கோ?

லாசப்பல்காரன் (பாரிஸ்)

வணக்கம். மாசி லீவுக்கு டிக்கெட் போடுற நேரம் வந்திட்டுது, வீட்டில வாக்குவாதமும் தொடங்கீட்டுது. அதுதான் இங்க வந்து கொட்டுறன்.

நாங்கள் வருசத்துக்கு ஒருக்கா குவாதலூப்புக்குப் போறனாங்கள், கரீபியன் கடலில இருக்கிற பிரெஞ்சுத் தீவு. இதுவரை ஆறுதரம். கொரோனா நேரம் மட்டும் விடுபட்டது. போனா சேந்த்-ஆன் ஊர்தான். கடற்கரையில இருந்து ஐஞ்சு நிமிச நடையில ஒரு வயசுபோன அம்மாவின்ர மேல்மாடி வீடு, பதினாலு நாள். மனுசிக்கு இப்ப அலுத்துப்போச்சுதாம். "உலகத்தில வேற தீவே இல்லையோ?" எண்டு கேக்கிறா.

எனக்கு அலுக்கேல்லை. ஏன் எண்டு சொல்ல வெளிக்கிட்டா வார்த்தைதான் வருகுதில்லை. ஒரு உதாரணம் சொல்லுறன். அந்தக் கடற்கரையில தேங்காய்ப்பால் ஐஸ் விக்கிற ஒரு பொம்பிளை இருக்கிறா. ஒரு மர வாளி, அதுக்குள்ள தகரப் பேணி, ரெண்டுக்கும் இடையில உடைச்ச ஐஸ், அதுக்கு மேல கைநிறைய உப்பு. பக்கத்துக் கைபிடியைப் பிடிச்சுச் சுத்திக்கொண்டே இருப்பா. தேசிக்காய்த் தோலும் கறுவாவும் சேர்ந்து மணக்கும். முதல் வருசம் வாங்கினன், படம் எடுத்தன், சொந்தக்காரருக்கு அனுப்பினன். மூண்டாம் வருசம்தான் தெரிஞ்சது, பேணியைத் திறந்தவுடன வாங்கிற முதல் கப்பைவிட அரை மணித்தியாலம் இன்னும் சுத்தின பிறகு வாங்கிறதுதான் இறுகி இருக்கும் எண்டு. ஐஞ்சாம் வருசம் அவ என்ர மகனைக் கண்டிட்டு, ஒண்டும் கேக்காமல் கைபிடியை அவனிட்டக் குடுத்திட்டு ஐஸ் உடைக்கப் போயிட்டா. அவன் இருபது நிமிசம் சுத்தினான். கை நோகுதெண்டு ரெண்டு நாள் சொல்லித் திரிஞ்சான்.

இப்படி ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போறது விசரோ? வேற ஆரும் போறனீங்களோ?

மஞ்சள்முத்து (ஸ்காபரோ)

அண்ணை, கோவிக்காதேங்கோ, விசர்தான்.

நாங்கள் குளிருக்குப் பயந்து ஓடுறது கியூபா, டொமினிக்கன், மெக்சிக்கோ. வரதேரோ ஒருக்கா, புந்தா கானா ரெண்டுதரம், ஜமெய்க்கா ஒருக்கா. பிளேன், அறை, சாப்பாடு, குடி எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே காசு. கையில பட்டியைக் கட்டிவிட்டாங்கள் எண்டா ஏழுநாளும் பேர்ஸைத் தொடத் தேவையில்லை. நீங்கள் எட்டரை மணித்தியாலம் பறந்துபோய், பாரிஸ் விலையைவிடக் கூடக் குடுத்து மரக்கறி வாங்கி, வாடகைக் குசினியில சமைச்சுச் சாப்பிடுறியள். அதுவும் ஆறுதரம்.

லாசப்பல்காரன்

விலை கூடத்தான், ஒத்துக்கொள்ளுறன். கப்பலில வாற சாமானுக்கு அங்க 'கடல் வரி' எண்டு ஒண்டு தனியா இருக்கு. பிரான்சில விக்கிற அதே தயிர்ப் பெட்டியை விலையைப் பார்த்திட்டுத் திருப்பி வைச்சனான். ஆனா பாரிஸ் ஒர்லி விமான நிலையத்தில ஏறினா உள்நாட்டுப் பயணம் மாதிரித்தான். இறங்கினா யூரோ, அதே மருத்துவ அட்டை, போன் காசும் கூடிப்போகாது. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா பயமில்லை.

உங்கட பட்டி கட்டுற ஹோட்டலுக்கும் நான் ஒருதரம் போனனான், வேற தீவில. பேர் வேண்டாம். மதிலுக்கு அங்கால ஊர் ஒண்டு இருந்தது எண்டே வெளிக்கிடுற நாள்தான் தெரிஞ்சது. குவாதலூப்பில பிரெஞ்சுச் சட்டம், கடற்கரை எல்லாருக்கும் பொது. பெரிய ஹோட்டல் இருக்கிற கரவெல் கடற்கரைக்குக்கூடப் பக்கத்துப் பாதையால நடந்துபோய்ப் படுக்கலாம், ஒருத்தரும் எழுப்பேலாது.

கத்திரிவெயில் (சென்னை)

எனக்கு ரெண்டு சந்தேகம். ஒண்ணு, அந்தமான்ல இல்லாத கடலா? ரெண்டு, நான் அடுத்த வருஷம் பாரிஸ்ல இருக்கிற அக்கா வீட்டுக்கு வரேன். அப்படியே அங்கேயும் ஒரு எட்டு போக முடியுமா? விசா?

புதுவை_மணி (செர்ழி)

இரண்டாவதற்கு நான் பதில் சொல்கிறேன். குவாதலூப் பிரான்சின் மாகாணம்தான், ஆனால் ஐரோப்பாவின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் வட்டாரத்துக்குள் வராது. பிரான்சில் குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் இல்லை. இந்தியாவிலிருந்து சுற்றுலா விசாவில் வருகிறவர் விண்ணப்பிக்கும்போதே கடல்கடந்த மாகாணத்துக்கும் போகப்போவதாகச் சொல்லி எடுக்க வேண்டும். ஷெங்கன் முத்திரை இருக்கிறதே என்று ஒர்லிக்கு வந்து நிற்காதீர்கள்.

இழையைத் தொடங்கியவருக்கு ஒரு கேள்வி. ஆறு முறை போயிருக்கிறீர்கள். அங்கே இருக்கும் ஷான்ஜி மாரியம்மன் கோயிலுக்கு ஒரு முறையாவது போனீர்களா?

லாசப்பல்காரன்

உண்மையைச் சொல்லுறன் ஐயா, காரில போகேக்கை ரெண்டுதரம் கண்டனான், இறங்கேல்லை. கடலுக்குப் போற அவசரம்.

புதுவை_மணி

அப்படியென்றால் நீங்கள் ஆறு முறை போனதாகக் கணக்கில் எடுக்க முடியாது. (கோபமில்லை, உரிமையோடு சொல்கிறேன்.)

1848-இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. கரும்பு வெட்ட ஆள் இல்லை என்று தோட்ட முதலாளிகள் கூக்குரல் போட்டார்கள். 1854 டிசம்பர் கடைசியில் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் தொகுதி ஒப்பந்தக் கூலிகளைக் குவாதலூப்பில் இறக்கியது. 1889 வரை ஏறக்குறைய 42,000 பேர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். பின்னாளில் கல்கத்தாவிலிருந்தும் வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தும் பலருக்கு ஊர் திரும்ப வழியில்லை. அங்கேயே பிறந்த பிள்ளைகளையும் 'அந்நியர்' என்றே வைத்திருந்தது அரசு. காப்பெஸ்தேர் ஊர்க்காரர் ஆன்ரி சிதம்பரம் 1904-இல் தொடங்கி 1923 வரை வழக்காடித்தான் அவர்களுக்குக் குடியுரிமை வாங்கிக் கொடுத்தார். பத்தொன்பது வருடம்.

நான் 2014-இல் போனேன். சாலையோரம் வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போகும்போது திடீரென்று வண்ணக் கோபுரம். உள்ளே மாரியம்மன். அங்கே 'மாலியேமேன்' என்பார்கள். மதுரை வீரன் 'மல்தேவிலேன்' ஆகிவிட்டார். பூசை செய்தவர் தமிழில்தான் பாடினார். ஐந்து தலைமுறை வாய்மொழியாக வந்த தமிழ், ஓரங்கள் தேய்ந்து வழவழவென்று இருந்தது. எனக்குப் பாதி பிடிபட்டது. முடிந்ததும் அவர் என்னிடம் பிரெஞ்சில் கேட்டார்: "நீ அங்கிருந்து வந்தவன்தானே, இந்த வரிக்கு என்ன அர்த்தம்?" அவருக்கு முழுப் பாட்டும் மனப்பாடம், பொருள் மட்டும் தெரியாது. எனக்கோ அந்த வரி தமிழாகவே காதில் விழவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் சும்மா நின்றோம்.

வாசலில் ஒரு கிழவர் மரத்தைக் காட்டி 'வெப்பெலே' என்றார். வேப்பிலை. அது புரிந்தது.

கத்திரிவெயில்

சார், அந்தமான் கேள்வியை வாபஸ் வாங்கிக்கிறேன்.

மஞ்சள்முத்து

இதெல்லாம் எனக்குத் தெரியாது ஐயா. அங்க 'கொலொம்போ' எண்டு ஒரு கறி இருக்கெண்டு இங்க ஒரு கரீபியன் கடையில பார்த்தன். அது எங்கட கொழும்பில இருந்து போனதுதானே? அப்ப சிலோன்காரரும் போயிருக்கினம்.

புதுவை_மணி

கொழும்பு இல்லை அம்மா, குழம்பு. பெரும்பாலோர் அப்படித்தான் சொல்கிறார்கள். பழைய ஆட்கள் 'கொல்பு' என்றே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாகற்காய்க்கு அங்கே 'பவொக்கா'. இதற்கு மேலும் சாட்சி வேண்டுமா?

மஞ்சள்முத்து

நான் கொழும்பெண்டுதான் சொல்லுவன் 😄

நீரோட்டம் (லியோன்)

படிப்பு விஷயமா அந்தத் தீவுல மூணு வருஷம் இருந்தவன். கோயில் பத்தி மணி சார் சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல. கடல் பத்திச் சொல்றேன், ஏன்னா இந்த இழையில யாருமே சர்காஸ் பாசியைப் பத்திப் பேசல.

2011-லேருந்து அட்லாண்டிக் பக்கமிருந்து பழுப்புப் பாசி கூட்டங்கூட்டமா மிதந்து வருது. கரை ஒதுங்கி ரெண்டு நாள்ல அழுக ஆரம்பிச்சா அழுகின முட்டை நாத்தம். ஹைட்ரஜன் சல்ஃபைடு. ல மூல் பக்கம் குடியிருந்த ஒரு வருஷத்துல என் மனைவியோட வெள்ளிக் கொலுசு இரும்புச் சங்கிலி மாதிரி கறுத்துப்போச்சு. முதல்ல வெள்ளியே போலின்னு நகைக்கடைக்காரரைத் திட்டினோம். அப்புறம் ஃப்ரிட்ஜ் போச்சு, டிவி போச்சு. பழுதுபார்க்க வந்தவர் பின்பக்கத்தைக் கழட்டினதுமே சிரிச்சார், செம்புக் கம்பி எல்லாம் கறுப்பு.

பிப்ரவரியில பெரும்பாலும் தப்பிச்சுடலாம். மார்ச், ஏப்ரல் தாண்டினா கிழக்கு, தெற்குப் பார்த்த கரைகளுக்கு ஆபத்து அதிகம். சேந்த்-ஆன்ல பவளத்திட்டு அணை மாதிரி இருக்கறதால கடல் குளம் மாதிரி அசையாது. ஆனா பாசி உள்ள வந்துட்டா வெளிய போகவும் செய்யாது.

தீவு வண்ணத்துப்பூச்சி மாதிரி ரெண்டு இறக்கை. கிழக்கு இறக்கை கிராந்த்-தேர், சுண்ணாம்புப் பாறை, தட்டை, வெள்ளை மணல். சேந்த்-ஆன் இந்தப் பக்கம்தான். மேற்கு இறக்கை பாஸ்-தேர், அதாவது 'தாழ்ந்த நிலம்'. அங்கதான் 1,467 மீட்டர் எரிமலை நிக்குது! பேர் வச்சவன் மாலுமி, காத்துக்கு மறைவான பக்கத்தைத் 'தாழ்'ன்னு சொல்றது அவங்க வழக்கம். அந்த மறைவான மேற்குக் கரையில பாசி அநேகமா வராது. தெயேல இருக்கிற கிராந்த் ஆன்ஸ் கடற்கரையில மணல் வெள்ளை இல்ல, வெல்லக் கலர். மலாந்துர்ல மணல் கறுப்பு, ஆனா இடுப்பளவு தண்ணியில முகமூடியைப் போட்டு முகத்தை முக்கினா கீழ பச்சை ஆமை மாடு மாதிரி மேயுது. நிஜமாவே மேய்ச்சல்தான். கடல்புல்லைப் பிடுங்கித் தின்னுட்டு, மூச்சுக்கு மேல வந்து, 'புஸ்'னு ஒரு சத்தம் விட்டுட்டு, மறுபடி அதே இடத்துக்குப் போயிடும். தொடாதீங்க, துரத்தாதீங்க.

மனைவிக்கு அலுப்புன்னா தீவை மாத்த வேணாம். இறக்கையை மாத்துங்க.

லாசப்பல்காரன்

"இறக்கையை மாத்துங்க." தம்பி, இந்த வசனத்தை அப்படியே மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன். பதில் வரேல்லை, ஆனா திட்டும் விழேல்லை.

ஆமை பார்க்கப் போனனாங்கள், நாலாம் வருசம். மகள் தண்ணிக்குள்ள கத்தினதில எல்லா ஆமையும் ஓடீட்டுது.

எரிமலை எண்டதும் ஞாபகம் வந்தது. வீட்டுக்கார அம்மா எதைக் கேட்டாலும் ரெண்டு திகதியிலதான் கணக்குச் சொல்லுவா. ஒண்டு 1976, சுஃப்ரியேர் குமுறி எழுபதாயிரத்துக்கு மேல ஆக்களை மாசக்கணக்கா ஊரைவிட்டு எழுப்பினது. மற்றது 1989, ஹியூகோ புயல். "இந்த மாமரம் ஹியூகோவுக்குப் பிறகு நட்டது", "அவனுக்கு ஹியூகோவுக்கு முதல் கலியாணம்" இப்படித்தான். அவ தலையில கட்டிற கட்டம்போட்ட துணிக்கு 'மத்ராஸ்' எண்டுதான் பேர். குடும்பப் பேர் 'சாமி' எண்டு முடியும். ஆறு வருசமா நான் அதைக் கேக்கவுமில்லை, யோசிக்கவுமில்லை. மணி ஐயா எழுதினதை வாசிச்ச பிறகு எனக்கே வெக்கமாக்கிடக்கு.

ஊர்சுற்றி (லண்டன்)

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. தண்ணீர் வெட்டைப் பற்றி ஏன் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை? நான் போன முறை தலையில ஷாம்பூ போட்ட கையோட குழாய் நிண்டுபோச்சு. குடிதண்ணிப் போத்தல் ரெண்டை உடைச்சுத் தலை கழுவினன். நாள் ஒண்டுக்கு நூற்றுக்கு மேல யூரோ குடுத்த இடம், பேர் சொல்லேல்லை.

நீரோட்டம்

நியாயமான புகார். குழாய்கள் பழசு, வழியிலேயே பாதிக்கு மேல ஒழுகிப்போகுது. அதனால ஏரியாவுக்கு ஏரியா முறை வச்சுத் தண்ணி விடறாங்க. அங்க இருக்கிறவங்களுக்கு இது வருஷம் பூரா, நமக்குப் பதினாலு நாள். வீடு எடுக்கறப்ப கேக்க வேண்டிய முதல் கேள்வி "கடல் தெரியுமா?" இல்ல, "தொட்டி இருக்கா?"

இன்னொண்ணு, குழந்தைகளோட போறவங்களுக்கு. கடற்கரையில சில மரத்துல சிவப்புப் பெயின்ட்ல வளையம் போட்டிருப்பாங்க. மான்சனில்லியே மரம். சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய், வாசனையும் நல்லாத்தான் இருக்கும். கடிச்சா தொண்டை வெந்துடும். மழைக்கு அதன் கீழ ஒதுங்கினாலே சொட்டற தண்ணி பட்டுத் தோல் கொப்புளிக்கும். பெயின்ட் மழையில அழிஞ்ச மரமும் இருக்கும், அதனால இலையையும் காயையும் அடையாளம் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

கத்திரிவெயில்

மீன் சாப்பிடலாமா? வாழைத் தோட்டத்து விஷம்னு எங்கேயோ படிச்சேன்.

நீரோட்டம்

க்ளோர்தெக்கோன். வாழையில வண்டுக்கு அடிச்ச மருந்து, 1972-லேருந்து 1993 வரைக்கும். மண்ணுல இன்னும் இருக்கு, ஆத்து வழியா கடலுக்கும் போகுது. பாஸ்-தேர் தென்கிழக்குக் கரையையொட்டிச் சில இடத்துல மீன் பிடிக்கத் தடை. கடையிலயும் சந்தையிலயும் வாங்கினா பயப்படாதீங்க, சாலையோரம் யாரோ பிடிச்ச ஆத்து இறாலை மட்டும் வாங்காதீங்க. ரெண்டு வாரம் போறவங்களுக்கு இது சின்ன விஷயம். அங்கேயே பொறந்து வளர்ந்தவங்க ரத்தத்துல அது இருக்கு. அதைப் பேச ஆரம்பிச்சா விடுமுறை இழை இல்ல இது.

அந்த_மனுசி (பாரிஸ்)

எல்லாருக்கும் வணக்கம். நான்தான் இவர் சொல்லுற அந்த மனுசி. இவர் வாசிச்சுக் காட்டக் காட்ட எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, பிறகு கோவம் வந்தது, அதுதான் கணக்குத் திறந்தனான்.

எனக்கு அந்தத் தீவு அலுக்கேல்லை. அந்தக் கடலும் அலுக்கேல்லை. ஆறு மணிக்கு முதலே எழும்பிப் போனா, தண்ணி ஒரு சத்தமும் இல்லாமல், பாத்திரத்தில ஊத்தி வைச்ச மாதிரி நிக்கும். வயசுபோன பொம்பிளையள் நாலைஞ்சு பேர் தொப்பியோட கழுத்தளவு தண்ணியில நிண்டு ஊர்க்கதை கதைச்சுக்கொண்டு நிப்பினம். போன வருசம் அவையில ஒருத்தி என்னையும் கூப்பிட்டா. கிரியோல் விளங்காது, நிண்டு தலையாட்டினன். அது இவருக்குத் தெரியாது, அந்நேரம் நித்திரை.

எனக்கு அலுத்தது அந்தக் குசினி. ரெண்டு அடுப்பு, ஒரு நெளிஞ்ச தாச்சி, மொட்டைக் கத்தி. இவர் கடலால வந்து "என்ன சாப்பாடு?" எண்டு கேப்பார். பாரிஸிலயும் அதே கேள்விதான், அங்க காலில மணல் மட்டும் கூட. ஐஸ்கார மனுசியைப் பற்றி அவ்வளவு வடிவா எழுதின மனுசன், ஆறு வருசத்தில நான் அங்க எத்தினை சட்டி சோறு வடிச்சனான் எண்டு ஒரு வரி எழுதேல்லை. மஞ்சள்முத்து தங்கச்சி 'வாடகைக் குசினி' எண்டு எழுதினது மட்டும்தான் சரி.

மஞ்சள்முத்து

அக்கா!!! இதுக்குத்தான் நான் பட்டி கட்டச் சொன்னனான்.

ஊர்சுற்றி

அண்ணை, இன்னும் உயிரோட இருக்கிறியளோ?

புதுவை_மணி

ஏழாவது பயணத்துக்கு ஒரு யோசனை. புவான்-தா-பித்ர் சந்தையில் கொலொம்போ பொடி கிடைக்கும். மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு. மிளகாய் சேர்க்க மாட்டார்கள், காரத்துக்கு முழு மிளகாயை உடையாமல் குழம்பில் மிதக்க விடுவார்கள். ஆட்டுக்கறியோ கோழியோ, பூண்டும் எலுமிச்சையும் போட்டு முதல் நாளே ஊற வைக்க வேண்டும். இதைச் செய்ய இரண்டு அடுப்பு போதும். செய்கிறவர் யார் என்பதைக் கணவரே முடிவு செய்யட்டும்.

லாசப்பல்காரன்

சரி. விளங்கீட்டுது.

டிக்கெட் போட்டாச்சு. முதல் ஐஞ்சு நாள் தெயே, ஒன்பது நாள் சேந்த்-ஆன். ஷான்ஜிக்கு ஒரு முழுநாள். சமையல் நான். கடை பார்சல் கணக்கில வராதெண்டு எழுத்தில வாங்கீட்டா.

லாசப்பல்காரன் (மாசி மாதம், சேந்த்-ஆனில இருந்து)

ஒரு சின்ன அறிக்கை.

கோயிலுக்குப் போனம். பூசை இல்லாத நாள், பூட்டிக்கிடந்தது, வெளியில நிண்டு கும்பிட்டம். திரும்பி வந்து வீட்டுக்கார அம்மாவிட்டப் பேரைப் பற்றிக் கேட்டன். தகப்பன்ர தகப்பன் கப்பலில வந்தவராம், ஊர் தெரியாதாம், "பொந்திஷேரி" மட்டும்தானாம். நான் தமிழ் எண்டு சொன்னன். "ஆறு வருசமா மேல இருக்கிறாய், இப்பதான் சொல்லுறாய்" எண்டா.

கொலொம்போ நேற்று வைச்சன். பொடி நல்ல பொடி. கோழியும் பரவாயில்லை. சோறுதான் அடிப்பிடிச்சுப்போச்சு, ஐஸ்காரப் பொம்பிளையைப் பார்க்க மகனோட ஒருக்கா இறங்கினன், அவ்வளவுதான். வீட்டுக்கார அம்மா மணந்துகொண்டு படியால ஏறி வந்து, ஒண்டும் கதைக்காமல் சட்டிக்குள்ள ஒரு துண்டுப் பாண் வைச்சு மூடீட்டு இறங்கிப் போனா. புகை மணம் போயிட்டுது! ஆருக்காவது இது முன்னமே தெரியுமோ?

அந்த_மனுசி

என்ர அம்மாவும் அப்படித்தான் செய்யிறவ. அந்தச் சட்டியை ஆர் உரஞ்சிக் கழுவினதெண்டும் எழுதச் சொல்லுங்கோ.